பல்லு போனா வயிறும் போச்சா?

இப்போது நான் பத்து பாகாட் டவுனில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்ட பிறகும் மகள் ஒரு கிண்ணம் கஞ்சியைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, "வயசாச்சில்லம்மா, இனிமே உங்களுக்கு இதுதான் ஒத்துக்கும்" என்றாள். அடுப்படியில் மீன் குழம்பு மணக்கிறது. என் முன்னால் கஞ்சி. கிண்ணத்தை ஒரு தள்ளு தள்ளினேன். அது போய்ச் சுவரில் முட்டி நின்றது. பாவம், பயந்துபோனாள். கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருப்பாள்.

மூளையெல்லாம் கலங்கவில்லை. கஞ்சியைக் கண்டால் எனக்குச் செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த பெரியம்மா ஞாபகம் வரும். அவள் ஞாபகம் வந்தால் கோபம் வரும். எத்தனையோ பேர்மேல் இருந்த கோபமெல்லாம் வயதோடு வயதாக ஆறிப்போயிற்று. இது மட்டும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

பெரியம்மா என்று கூப்பிட்டேனே தவிர உறவு கிடையாது. தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில் அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். எனக்கு அப்போது முப்பது வயதிருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். சின்ன மகளை வைத்துக்கொண்டு கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலில் கல்லைக் கொட்டிப் பாதை போடுகிறார்கள் என்று எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டிருந்த காலம் அது. பெரியம்மாவுக்கு என்ன வயது என்று அவளுக்கே தெரியாது. கேட்டால், "கப்பல்ல வந்தப்ப இடுப்புல புள்ள இருந்துச்சு. அந்தப் புள்ளைக்கு இப்ப மீசை நரைக்குது. நீயே கணக்குப் போட்டுக்க" என்பாள்.

குட்டையான உடம்பு, கறுத்து இறுகின கை கால்கள். வாயில் மருந்துக்கும் ஒரு பல் கிடையாது. அதைப் பற்றி அவளுக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. வயிற்றைப் பற்றித்தான் அவளுக்கு அக்கறை. ஊரிலிருந்து வரும்போது வெற்றிலை இடிக்கிற சின்ன இரும்பு உரல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். லயத்தில் பல் போன மற்ற கிழவிகளிடமும் அப்படி ஒன்று இருந்தது. அவர்கள் அதில் வெற்றிலையை இடித்துக் குதப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெரியம்மா பல் போன அன்றைக்கே வெற்றிலையை விட்டுவிட்டாள். "வெத்தலைய இடிச்சுத் தின்னா நடக்கத் தெம்பு வருமா?" என்று கேட்டுவிட்டு, அந்த உரலில் கருவாட்டை இடித்தாள்.

கருவாட்டைத் தணலில் சுட்டு, இரண்டு பூண்டுப் பல்லும் மிளகும் போட்டு இடிப்பாள். வேர்க்கடலை இடிப்பாள். யாராவது காட்டுப்பன்றி அடித்துக் கொண்டுவந்தால், தன் பங்கைக் குழைய வேகவைத்து அதையும் இடித்துச் சோற்றில் பிசைந்துகொள்வாள். எங்கள் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் 'ணங் ணங்' என்று சத்தம் கேட்டால் பெரியம்மா சாப்பிடப் போகிறாள் என்று அர்த்தம். லயத்துப் பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "கிழவிக்கு நாக்கு நீளம்" என்பார்கள். அவள் காதில் விழுந்தால் அங்கேயே நின்று திருப்பிக் கொடுப்பாள். "ஆமாடி, நீளந்தான். பல்லு போனா வயிறும் போச்சா? உங்களுக்கும் ஒரு நாளு போவுமில்ல, அப்ப இந்த உரலைக் கேட்டு வருவீங்க, தரமாட்டேன்."

இன்னொரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. காலையில் எழுந்ததும் வாசலில் சம்மணம் போட்டு உட்காருவாள். இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், தரையில் கை வைக்காமல் அப்படியே எழுந்து நிற்பாள். மறுபடி உட்காருவாள், மறுபடி எழுவாள். முதல் தடவை பார்த்தபோது சாமி கும்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"சாமியுமில்ல பூதமுமில்ல. கை ஊனாம எந்திரிக்க முடியுதான்னு பாக்குறேன். என்னிக்கு கைய ஊனி எந்திரிக்கிறேனோ அன்னிக்குச் சொல்லு நான் கிழவின்னு. அதுவரைக்கும் எவனும் சொல்லக்கூடாது" என்றாள்.

சொல்லவும் எவனுக்கும் தைரியம் இருந்ததில்லை. களை வெட்டுகிற வேலைக்கு எங்களோடு வருவாள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கூப்பிட்டால் அவள் குரல்தான் முதலில் கேட்கும். குழாயடியில் குடம் தூக்கிவிட யாராவது கை நீட்டினால் அந்தக் கையைத் தட்டிவிடுவாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு 'முருகா, முருகா' என்று முனகும் ஒரு கிழவரிடம், "அவரு வர்றப்ப வருவாரு. நீ ஏன் அவரு வீட்டு வாசல்ல போயி முன்னாடியே உக்காந்துருக்க? எந்திரிச்சு நட" என்று சத்தம் போட்டது எனக்கு இன்னும் கேட்கிறது. பொய் அவள் வாயில் வராது. பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்லமாட்டாள், முடிந்ததை முடியாது என்று சொல்லமாட்டாள்.

இப்படி இருந்தவளைப் படுக்கையில் தள்ளியது நோய் இல்லை. அவள் பெற்ற மகன். அதுவும் கெட்ட மகன் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நான் மறந்திருப்பேன். நல்ல மகன். ரொம்ப நல்ல மகன். அந்த வார்த்தையைச் சொன்னாலே எனக்கு நெஞ்சு எரிகிறது.

கப்பலில் வந்த மூத்தவன் வேறு தோட்டத்தில் இருந்தான்; இவன் இங்கே பிறந்த இளையவன், என்னைவிடச் சின்னவன். இவனைத் தோட்டத்தில் கங்காணி ஆக்கினார்கள். ஆன மறுநாளே தாயின் கையிலிருந்து களைவெட்டியை வாங்கி வைத்துவிட்டான். "கங்காணியோட அம்மா புல்லு வெட்டுறதா? நீ ஒக்காரும்மா. இத்தனை காலம் ஒழைச்சது போதும்" என்றான். லயமே அவனை மெச்சியது. பெரியம்மா சண்டை போட்டாள். களைவெட்டியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்கும் வந்து நின்றாள். பேர் கூப்பிடுகிறவனே அவன்தானே. அவள் பேரை விட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போனான். எல்லாரும் வேலைக்குப் போன பிறகும் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் சாப்பாடு. அவள் புருஷன் சில வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளிக்குக் கறியும் கள்ளும் ஏகத்துக்கு ஏற்றிக்கொண்டு, வயிற்று வலியில் துடித்துச் செத்தவர். அந்தப் பயம் மகனுக்கு இருந்தது. பத்தாததற்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் ஏதோ பேச்சுக்கு, "வயசான வயிறு, லேசா குடுங்க" என்று சொல்லிவைத்தான். போதாதா? அன்றிலிருந்து காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சி, ராத்திரி ரசம் ஊற்றிக் கரைத்த சோறு. மகன் வேலைவிட்டு வந்து தன் கையால் கஞ்சியை ஆற்றி ஊட்டிவிடுவான். வாசலில் போகிறவர்கள் அதைப் பார்த்து, "பெத்தா இப்படிப் புள்ளையப் பெக்கணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். உள்ளே அவனும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் கறியும் மீனும் சாப்பிடுவார்கள். அந்த மணத்தில் இவள் கஞ்சியைக் குடிக்க வேண்டும்.

நான் சும்மா இருக்கவில்லை. கருவாட்டைச் சுட்டுப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தேன். அவள் இடித்துத் தின்றாள். 'ணங் ணங்' சத்தம் கேட்டு மருமகள் புருஷனிடம் சொல்லிவிட்டாள். அவன் உரலைப் பிடுங்கி உத்தரத்துக்கு மேலே வைத்தான். என் வீட்டு வாசலுக்கு வந்து கை கூப்பி நின்றான். "அக்கா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். எங்கப்பன் துடிச்சதை நான் பாத்தவன். எங்கம்மாவையும் அப்படிப் பாக்க வச்சிராதீங்க" என்றான். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். இப்படிப்பட்டவனை எதைக் கொண்டு அடிப்பது?

"ஒங்கப்பன் அளவு தெரியாமத் தின்னு செத்தாரு. ஒங்கம்மா அளவா தின்னுதான் இத்தனை காலம் நின்னா. இப்ப அவ வத்திப்போறது ஒன் கண்ணுக்குத் தெரியலியா?" என்றேன்.

"வயசானா அப்படித்தாங்க்கா" என்றான்.

வயசானா அப்படித்தான்! இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி எத்தனை பேரை உட்கார வைத்தார்கள், படுக்க வைத்தார்கள், பாடையில் வைத்தார்கள். பெரியம்மாவின் புஜம் தொளதொளத்தது. கன்னம் உள்ளே போயிற்று. ஒரு நாள் காலையில் அவள் வாசலில் உட்கார்ந்து எழப் பார்த்ததை நான் தற்செயலாகப் பார்த்துவிட்டேன். எழ முடியவில்லை. இன்னொரு முறை முயன்றாள். கடைசியில் வலது கையைத் தரையில் ஊன்றி, நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என்னைப் பார்த்தாள். 

"சொல்லுடி, கிழவின்னு சொல்லு" என்றாள். குரல் வெளியே வரவில்லை.

அந்த வருஷத் தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் வந்தது. எங்கள் தோட்டத்தில் அன்றைக்குத்தான் செத்துப்போன பெரியவர்களுக்குப் படையல் போடுவோம். அவரவருக்கு எது பிடிக்குமோ அதைத் தலைவாழை இலையில் வைத்து, சூடம் காட்டிக் கும்பிட்ட பிறகுதான் உயிரோடு இருக்கிறவர்கள் வாயில் வைக்க வேண்டும். கங்காணி வீட்டுப் படையல் என்பதால் கோயில் பூசாரியும் வந்திருந்தார். அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டிருந்தார்கள், நானும் போனேன்.

சுவரோரம் குத்துவிளக்கு. அதன் முன்னால் அவள் புருஷனுக்கு இலை. ஆட்டுக்கறி, ஈரல், வறுத்த கோழி, நெத்திலிக் கருவாடு, அவித்த முட்டை, வடை. பக்கத்தில் ஒரு புட்டி கள். மகன் எலும்புள்ள துண்டாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தான். "அப்பாவுக்கு எலும்புன்னா உசுரு" என்றான். பெரியம்மா மூலையில் பாயில் கிடந்தாள். அவள் தலைமாட்டில் கிண்ணத்தில் கஞ்சி ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

பூசாரி சூடத்தைக் கையில் எடுத்தார். அப்போது பெரியம்மா எழுந்தாள். கையை ஊன்றி, சுவரைப் பிடித்து எழுந்து, தள்ளாடிக்கொண்டு வந்து, விளக்குக்கும் இலைக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஈரலை எடுத்து வாயில் போட்டு ஈறாலேயே மெல்ல ஆரம்பித்தாள்.  படையலில் கை வைப்பதாவது! நாயைக்கூட விடமாட்டார்கள்.

"அம்மா! என்னா காரியம் பண்ற?" என்று மகன் பாய்ந்தான்.

"செத்தவருக்குப் பல்லு இருக்காடா?" என்றாள். உடம்பில் இருந்த உயிரையெல்லாம் சேர்த்துக் கத்தினாள். பழைய குரல். "மண்ணுக்குள்ள கெடக்குறவருக்கு ஆட்டுக்கறி செரிக்குமா? உசுரோட இருக்குற எனக்குச் செரிக்காதா? எந்தக் கறி அவரைக் கொன்னுச்சோ அதையே அவருக்குப் படைக்கிற. எது என்னை நிக்க வச்சுதோ அதை ஒளிச்சு வைக்கிற. எனக்குப் பசிக்குதுடா! கொண்டாடா என் உரலை!"

எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது. சொல்ல வேண்டியதை ஒருத்தி சொல்லிவிட்டாள், இனி எவனும் காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது என்று நினைத்தேன். நான் நினைத்ததில் மண் விழ நிமிஷ நேரம் ஆகவில்லை.

"ஐயோ, மாமா வந்துட்டாரு!" என்று மருமகள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கீழே விழுந்தாள்.

பூசாரி ஒரு கணம் திகைத்தார். பிறகு அவருக்கும் அதுதான் வசதியாகப் பட்டிருக்க வேண்டும். "ஆமா, குரலைப் பாருங்க, பொம்பளைக் குரலா இது? எந்திரிக்கவே முடியாத பொம்பளை எப்படி எந்திரிச்சு வந்தா? பெரியவர்தான் எறங்கியிருக்காரு. பசியோட வந்திருக்காரு" என்றார். அவ்வளவுதான். மகன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "அப்பா, எங்களை மன்னிச்சிருங்கப்பா" என்று அழுதான். கூடியிருந்தவர்கள் வரிசையாக விழுந்து கும்பிட்டார்கள்.

"நான்தான்டா! ஒங்கம்மாடா! எனக்குத்தான்டா பசி!" என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னாள். அடிக்க அடிக்க, "கோவமா இருக்காரு, கோவமா இருக்காரு" என்று அவர்கள் இன்னும் அழுத்திக் கும்பிட்டார்கள். "அது பெரியம்மாதான்! கண்ணு தெரியலியா ஒங்களுக்கு? பசியில பேசுறா!" என்று நான் கத்தினேன். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். வாசல்படியிலிருந்து பார்த்தேன். மகன் உத்தரத்திலிருந்து உரலை இறக்கினான். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, "அப்பா, இந்தாங்க" என்று இரண்டு கையாலும் நீட்டினான்.

அவள் அந்த உரலைப் பார்த்தாள். சுற்றி விழுந்து கிடந்தவர்களைப் பார்த்தாள். பொய் சொல்லாத வாய் அது. ஒன்றும் சொல்லாமல் அப்படியே மூடிக்கொண்டது. உரலை வாங்கிக் கறியைப் போட்டு இடிக்க ஆரம்பித்தாள்.

பெரியவருக்குப் பசி அடங்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை தோறும் கவிச்சி வைத்துக் கும்பிடுங்கள் என்று பூசாரி சொல்லிவிட்டுப் போனார். அதன்படியே நடந்தது. ஞாயிறானால் விளக்கேற்றி, இலை போட்டு, கறியும் மீனும் வைத்து அவளை உட்கார வைப்பார்கள். மகன் கை கட்டி நின்று, "அப்பா, தொரை இந்த மாசம் ஆள் கொறைக்கச் சொல்றாரு, என்னா செய்யட்டும்?" என்று யோசனை கேட்பான். அவள் இடித்துக்கொண்டே, "ஒங்கம்மாவுக்கு மத்த நாள்லயும் சோறு போடு" என்பாள். "அம்மாவுக்குக் கஞ்சிதாங்கப்பா ஒத்துக்குது" என்பான் பவ்யமாக. திங்கட்கிழமை விடிந்ததும் அவள் மறுபடி அம்மா. மறுபடி கஞ்சி.

"நீங்க நீங்கதான்னு அடிச்சுச் சொல்ல வேண்டியதுதானே?" என்று ஒரு நாள் நான் பொரிந்து தள்ளினேன்.

"சொன்னேனே. நீதான் கேட்டியே. எவன் நம்புனான்? ஆம்பள பேரைச் சொன்னா ஈரலு வருது. எம் பேரைச் சொன்னா கஞ்சி வருது. நான் நிக்கணும் புள்ள. படுத்துட்டேன்னா அப்புறம் யாரு பேரைச் சொன்னாலும் எந்திரிக்க முடியாது" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. பல்லில்லாத வாயை அவ்வளவு இறுக்கி மூடினவளை நான் பார்த்ததில்லை.

வாரத்தில் ஒரு நாள் சாப்பாடு. மற்ற நாட்களில் பலகை இடுக்கு வழியாக நான் தள்ளுகிற அவித்த முட்டை. அதை வைத்தே அவள் தேறினாள். ஒரு நாள் காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டி என்னை வெளியே இழுத்தாள். வாசலில் உட்கார்ந்தாள். கையை மார்பில் கட்டினாள். கால் நடுங்கியது, இடுப்பு நடுங்கியது, ஆனால் கை மார்பிலேயே இருந்தது. எழுந்து நின்று என்னைப் பார்த்து, "இப்பச் சொல்லுடி" என்றாள். நானும் அவளும் அந்தக் காலையில் சிரித்த சிரிப்பில் லயத்து நாய்களெல்லாம் குரைத்தன.

அதற்கப்புறம் சில வருஷம் நன்றாகவே நடமாடினாள். பிறகு ஒரு மழைக்காலத்தில் தோட்டம் முழுக்க விஷக் காய்ச்சல் வந்தது. வாலிபப் பிள்ளைகளையே வாரிக்கொண்டு போன காய்ச்சல், அவளையும் கொண்டுபோயிற்று. அதில் எனக்குக் கோபம் இல்லை. காய்ச்சல் ஆளை ஏமாற்றிக் கொல்வதில்லை.

பதினாறாம் நாள் படையலுக்குப் போனேன். விளக்கு எரிகிறது. புருஷனுக்கும் பெண்சாதிக்கும் சேர்த்துப் படைக்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இலை. அவர் இலையில் கறி, ஈரல், கோழி, கருவாடு. அவள் புடவையை மடித்து வைத்திருந்த பக்கத்து இலையில் ஒரு கிண்ணம். எட்டிப் பார்த்தேன். கஞ்சி.

"என்னாடா இது?" என்றேன்.

மகனுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "அம்மா கடைசிவரைக்கும் அதைத்தானேக்கா குடிச்சிச்சு. என் கையாலயே ஆத்தி வச்சிருக்கேன்" என்றான்.

நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மாடத்தில் குங்குமத்தோடு இருந்த உரலை எடுத்தேன். குங்குமத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, கறியையும் ஈரலையும் கருவாட்டையும் அள்ளி உரலில் போட்டு இடித்தேன். 'ணங் ணங்' என்று லயம் முழுக்கக் கேட்டிருக்கும். இடித்ததையெல்லாம் வழித்து அவள் இலையில் வைத்தேன். கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.

"அக்கா, வேணாங்க்கா! அப்பா கோவிச்சுக்குவாரு!" என்று மகன் பதறினான்.

"கோவிச்சா எந்திரிச்சு வரட்டும்" என்றேன். "கை ஊனாம எந்திரிக்கச் சொல்லு."